கூஸ் வாத்தில் ஆணா, பெட்டையா? அவசர முடிவில் நேரும் தவறுகள்

வாத்து வளர்த்த பழக்கத்தோடு கூஸ் (நீண்ட கழுத்துள்ள பெரிய வாத்தினப் பறவை) வளர்க்க வருகிறவர்கள் முதலில் வாலைத்தான் பார்க்கிறார்கள். வாலின் மேல் சுருண்ட இறகு இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெட்டை என்பது சாதாரண வாத்துக்குச் சரியான கணக்கு. கூஸில் ஆணுக்கும் அந்த இறகு கிடையாது. வாலை மட்டும் பார்த்தால் கூட்டம் முழுவதும் பெட்டையாகவே தெரியும். செபாஸ்டபோல் என்ற இனத்துக்கு உடம்பில் சுருள் இறகுகள் உண்டு; ஆனால் அவை ஆண், பெட்டை இரண்டுக்கும் பொது.

நான் முதலில் வாங்கி வந்த ஜோடியைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இரண்டும் பிரியாமல் மேயும். ஒன்று நாயை விரட்டிவிட்டுத் திரும்பி ஓடிவரும். மற்றொன்று கழுத்தை நீட்டிக்கொண்டு எதிரே போய் அதோடு சேர்ந்து குரல் கொடுக்கும். ஒரு பருவம் முழுவதும் முட்டைக்காகக் காத்திருந்தேன். இரண்டும் ஆண். பறவைகளின் நடத்தையை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ், சாம்பல் கூஸ் என்ற காட்டினத்தில் இரண்டு ஆண்கள் இணையாக வாழ்வதைப் பதிவு செய்திருக்கிறார் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். ஆகவே, ஒட்டித் திரிகிறதே என்று ஒன்றை ஆண், மற்றொன்றைப் பெட்டை என எழுதிவைக்காதீர்கள். ஒன்றின் முதுகில் மற்றொன்று ஏறுவதும் உறுதியான சாட்சி அல்ல. ஆணோடு ஆண் சேர்ந்த இணையிலும் அந்த முயற்சி நடக்கும்.

தலைகீழாகவும் இது நேர்கிறது. இரண்டு பெட்டைகளை ஜோடி என்று வைத்திருப்போம். ஆண் துணை இல்லாமலும் பெட்டை முட்டையிடும் என்பதால் முட்டை வந்ததும் மகிழ்ந்து அடை வைப்போம். ஏறத்தாழ 30 நாள் காத்திருந்து பார்த்தால் அத்தனையும் கூமுட்டை. கூஸ் நெடுங்காலத் துணையோடு வாழும் பறவை. தவறு தெரிந்த பிறகு பிரித்தால், இரண்டும் வேலியின் இரு பக்கமும் நின்று கத்திக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்கச் சகிக்காது. தொடக்கத்திலேயே சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

குரலில் வரும் குழப்பம் இன்னொரு வகை. கனத்த குரல் ஆணுடையது என்று நம் மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. கூஸில் அது நேர்மாறு. ஆணின் குரல் மெல்லியது, உச்சத்தில் கிறீச்சிடுவது. பெட்டையின் குரல் தாழ்ந்தது, கரகரப்பானது. ஆனால் கூட்டமாகக் கத்தும்போது எந்தக் குரல் எந்த அலகிலிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. ஒன்றை மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம் விடுங்கள். துணையைக் காணாமல் கழுத்தை நிமிர்த்தி அது கூப்பிடத் தொடங்கும். அலகு திறப்பதையும் குரலையும் சேர்த்துக் கவனியுங்கள். பிறகு அடுத்ததை விடுங்கள். நாலைந்து பறவைகளை இப்படிக் கேட்டுவிட்டால் வேறுபாடு காதில் பதிந்துவிடும். குஞ்சுகளிடம் இந்தச் சோதனை பலிக்காது. குரல் உடைந்து முதிரும் வரை எல்லாம் ஒரே மாதிரிதான் கீச்சிடும்.

உருவத்தை வைத்துச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனாலேயே அது ஏமாற்றுகிறது. ஒரே இனம், ஒரே வயது, ஒரே தீனி என்றால் ஆண் சற்றுப் பெரிதாக, நீண்ட தடித்த கழுத்தோடு இருக்கும். சைனீஸ் இனத்துக்கு அமெரிக்கத் தரநிலையில் வளர்ந்த ஆணின் எடை சுமார் 5.4 கிலோ, பெட்டையின் எடை 4.5 கிலோ. இடைவெளி ஒரு கிலோகூட இல்லை. நன்றாகத் தின்று கொழுத்த பெட்டை மெலிந்த ஆணை எளிதில் மிஞ்சிவிடும். அடிவயிறு தொங்கினால் பெட்டை என்பதும் இப்படித்தான். முட்டையிடும் பெட்டைக்கு வயிறு தொங்கும். கொழுத்த ஆணுக்கும் தொங்கும்.

அலகு நெற்றியோடு சேரும் இடத்தில் வரும் குமிழ் சைனீஸ், ஆப்பிரிக்கன் போன்ற இனங்களுக்கு உரியது. இவை காட்டு அன்ன வாத்தின் வழிவந்தவை. ஆணின் குமிழ் முன்னதாகத் தோன்றிப் பெரிதாக வளரும். ஒரே வயதுப் பறவைகளை அருகருகே நிறுத்திப் பார்த்தால் இது நல்ல குறிப்பு. ஒரு வயது ஆணையும் மூன்று வயதுப் பெட்டையையும் ஒப்பிட்டால் தடுமாற்றம்தான் மிஞ்சும். எம்டன், துலூஸ் போன்றவை சாம்பல் கூஸின் வழிவந்தவை. அவற்றுக்குக் குமிழே இல்லை. குமிழ் இல்லாததால் பெட்டை என்று எம்டன் ஆணை ஒதுக்கியவர்களும் உண்டு.

நிறத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய இனங்கள் சில இருக்கின்றன. பில்கிரிம் இனத்தில் வளர்ந்த ஆண் வெள்ளை, பெட்டை சாம்பல். குஞ்சிலேயே பெட்டையின் தூவி கருமை தட்டியிருக்கும். தூய வழியில் வந்த பறவைக்கு மட்டுமே இது பொருந்தும். வெள்ளையும் சாம்பலும் கலந்த ஏதோ ஒரு கூட்டத்தில் போய் வெள்ளையெல்லாம் ஆண் என்று பொறுக்கி எடுத்துவராதீர்கள்.

சீறிக்கொண்டு பாய்வது ஆண்தான் என்று நினைப்பதும் சரியல்ல. அடைகாக்கும் பெட்டையின் கூட்டருகே ஒருமுறை போனவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. கழிவுத்துவாரத்தின் இரு பக்கமும் இரண்டு எலும்பு முனைகள் விரலில் தட்டுப்படும். முட்டையிடும் பெட்டைக்கு அவை அகன்றிருக்கும், ஆணுக்கு நெருங்கியிருக்கும். ஆனால் இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைக்கும் நெருங்கித்தான் இருக்கும். இளம் பறவையிடம் இதை நம்ப வேண்டாம்.

கையால் சோதிப்பதில் உறுதியானது கழிவுத்துவாரத்தை விரித்துப் பார்ப்பதுதான். பெரும்பாலான பறவைகளில் ஆணுக்கு வெளியே நீளும் உறுப்பு கிடையாது; வாத்தும் கூஸும் விலக்கு. ஒருவர் பறவையைச் சிறகோடு அணைத்து மல்லாத்திப் பிடிக்க வேண்டும். காலைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. கூஸின் கால்கள் அந்தப் பாரத்துக்கு ஆனவை அல்ல. மற்றவர் எண்ணெய் தடவிய விரலால் துவாரத்தை மெதுவாக வட்டமாக நெகிழ்த்தி, பிறகு சுற்றிலும் அழுத்தி விரிக்க வேண்டும். ஆணாக இருந்தால் திருகு போன்ற வெளிர் உறுப்பு எழும்பி வரும்; பெட்டையாக இருந்தால் இளஞ்சிவப்பு மடிப்புகள் மட்டும் தெரியும்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பறவை இறுக்கிக்கொள்ளும், பிடிப்பவர் பயந்து பாதியில் விட்டுவிடுவார், ஒன்றும் தெரியவில்லை என்றதும் பெட்டை என்று முடிவாகிவிடும். உறுப்பைக் கண்டால் ஆண் என்பது உறுதி. காணாவிட்டால் பெட்டை என்று ஆகிவிடாது. இளம் ஆணுக்கு அது மிகச் சிறியது. இனப்பெருக்கப் பருவம் கழிந்ததும் வளர்ந்த ஆணுக்கும் சுருங்கியிருக்கும். ஒன்றும் தெரியாத பறவையைச் சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். பொரித்த ஓரிரு நாளில் குஞ்சையும் இப்படிப் பார்க்கலாம். ஆனால் அந்த மென்மையான தசை நகத்தின் கீறலைக்கூடத் தாங்காது. பழகியவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகே கைவையுங்கள். அதற்கு வழியில்லை என்றால் இறகைக் கொடுத்து மரபணுச் சோதனை செய்துகொள்வது நல்லது.

முட்டையிலேயே ஆண், பெண் பார்க்கும் நம்பிக்கையும் உலவுகிறது. கூர் முனை முட்டையில் ஆண் வரும், உருண்டை முட்டையில் பெட்டை வரும் என்பார்கள். பறவைகளில் குஞ்சின் பால் தாயின் கருமுட்டையில் இருக்கும் நிறப்புரியால் (குரோமோசோம்) தீர்மானமாகிறது. ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதலையைப் போல அடைச் சூட்டை மாற்றிப் பாலை மாற்றவும் முடியாது. சூடு மாறினால் குஞ்சுகள் சாகும், அவ்வளவுதான்.

சோதித்த உடனே காலில் நிற வளையம் போட்டுவிடுங்கள். பறவையை இறக்கிவிட்டால் அது கூட்டத்தில் கலந்துவிடும், பட்ட பாடெல்லாம் வீணாகும். ஆணுக்கு ஒரு நிறம், பெட்டைக்கு ஒரு நிறம், உறுதியாகாததற்கு மூன்றாவது நிறம் என்று வைத்துக்கொள்கிறேன். குஞ்சாக இருந்தால் சில நாளுக்கு ஒருமுறை வளையத்துக்குள் விரல் நுனி நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கூஸ் குஞ்சின் கால் வேகமாகப் பருக்கும்; மறந்துவிட்டால் வளையம் தோலுக்குள் புதைந்துவிடும்.