லோடு அடிக்க பேட்டரி வண்டி: கையில் இருக்கும் காசு எங்கே வீணாகிறது?

எங்கள் வீட்டில் இட்லி மாவு அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறோம். விடியற்காலை ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் மூன்று வருடத்துக்கு முன்னால் நகையை அடகு வைத்து இரண்டு சக்கர பேட்டரி வண்டி ஒன்று எடுத்தோம். எட்டாவது மாதம் பேட்டரி படுத்துவிட்டது. விற்ற கடையில் போய் நின்றால், "லோடு ஏத்தி ஓட்டியிருக்கீங்கம்மா, வாரண்டி வராது" என்றார்கள். லோடு வண்டி என்று சொல்லித்தான் எங்களிடம் விற்றிருந்தார்கள். நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

போன மாதம் என் நாத்தனார் மகன் பூ வியாபாரத்துக்கு இதே மாதிரி ஒரு வண்டி தேடினான். நானும் கூடப் போனேன். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் "இது என்ன விலை?" என்று கேட்கிறோமே, அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் வீட்டில் ஒரு வாரத்து வேலை இருக்கிறது. சரக்கைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதில் லோடோடு எவ்வளவு, வழியில் எத்தனை பாலம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நடைக்கு 65 கிலோ மாவு என்பதுதான் என் மனக்கணக்கு. ட்ரம், மூடி, பெட்டி, கயிறு எல்லாம் சேர்த்து நிறுத்தபோது 83 கிலோ வந்தது. "150 கிலோ தாங்கும்" என்று கடையில் சொல்வார்கள்; அதில் ஓட்டுகிறவரும் அடக்கமா என்று கேளுங்கள், பெரும்பாலும் அடக்கம்தான். என் கணவர் 72 கிலோ. அப்படிப் பார்த்தால் முதல் நாளே 155 கிலோ ஏற்றியிருக்கிறோம்.

இனி பேட்டரி. பணம் போவதும் இதில்தான், ஏமாறுவதும் இதில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விலை குறைந்த வண்டிகளில் இருப்பது ஆசிட் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி 5 எண்ணிக்கையை வரிசையாக இணைத்து 60 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். மேலே 28 ஆம்பியர் ஹவர் (அதுதான் பேட்டரியின் கொள்ளளவு) என்று போட்டிருந்தால் வோல்ட்டையும் அதையும் பெருக்குங்கள்: 1,680 வாட் ஹவர், மொத்தமாக உள்ளே அடங்கும் மின்சாரம். லோடோடு போகும் சின்ன வண்டி கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட் ஹவர் சாப்பிடும் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் ஓட வேண்டும். கடைக்காரர் சொல்லும் 60 கிலோமீட்டரும் இந்தக் கணக்குதான். ஆனால் அந்த 28 என்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறக்கினால் கிடைக்கிற அளவு. இரண்டு மணி நேரத்தில் உறிஞ்சினால் அவ்வளவு தராது. அடி வரைக்கும் காலி செய்து காலி செய்து ஏற்றினால் ஆயுளும் சீக்கிரம் முடிந்துவிடும். பாதியோடு நிறுத்தி ஏற்றினால்தான் ஆசிட் பேட்டரி உழைக்கும். ஆக, 60 என்று சொன்னால் 30 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஓட்டம் தினமும் 44 கிலோமீட்டர். இடையில் சார்ஜ் போடாமலே ஓட்டிவிட்டு, ராத்திரி அலுப்பில் சில நாள் அப்படியே விட்டுவிட்டுக் காலையில் போடுவோம். இறங்கின ஆசிட் பேட்டரியைச் சும்மா வைத்திருந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மத்தியானம் வண்டி வாசலில் சும்மாதான் நிற்கும். அப்போது சார்ஜ் போட்டிருந்தாலே இன்னும் பல மாதம் வந்திருக்கும். எங்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு மெக்கானிக் சீட்டைத் தூக்கி வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை ஒவ்வொரு பேட்டரியிலும் வைத்தார். நான்கு பேட்டரி 12.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது, நடுவில் இருந்த ஒன்று மட்டும் 11.4. வரிசையில் ஒன்று நோஞ்சானாகிவிட்டால் மற்ற நான்கையும் அது இழுத்துக்கொண்டு போகும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினாலும் பழசும் புதுசும் ஒத்துப்போகாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையை மறக்கவே கூடாது. முழு சார்ஜில் வைத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஐந்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிட அரை வோல்ட் குறைந்தாலும், புது செட் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு முதலில் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆனால் ஆசிட் 300, 400 தடவை ஏற்றி இறக்கினால் தளர்ந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 1,500 தடவையைத் தாண்டும். எடையும் ஆசிட்டில் மூன்றில் ஒரு பங்குதான், அந்த மிச்சத்தில் ஒரு ட்ரம் மாவு ஏற்றலாம். தினமும் லோடு அடிப்பவருக்குக் கடன் வாங்கியாவது லித்தியம் எடுப்பதுதான் சிக்கனம் என்பது என் முடிவு. "லித்தியம்தான்" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. எந்த வகை, எத்தனை ஆம்பியர் ஹவர், பேட்டரியின் வரிசை எண், எத்தனை வருட வாரண்டி, "சரக்கு ஏற்றும் உபயோகத்துக்கு" என்ற வார்த்தை, இவ்வளவும் பில்லில் இருக்க வேண்டும். பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 தரம் உண்டா என்றும் கேளுங்கள். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த பேட்டரி வண்டி எரிந்து அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த வருட வெயிலில் நாட்டின் பல ஊர்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் இந்த விதியை இறுக்கினார்கள். எங்கோ பெட்டிக்குள் செல்களை அடுக்கி, பெயர் ஒட்டாமல் மலிவாகக் கொடுப்பதை வாங்கவே வாங்காதீர்கள். நல்ல பேட்டரியாக இருந்தாலும் மாடிப்படிக்கு அடியிலோ படுக்கிற அறையிலோ சார்ஜ் போடாதீர்கள். ஓடி வந்த சூட்டோடும் போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும்.

"லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்" என்று விற்கும் வண்டிகளுக்குச் சட்டத்தில் எல்லை உண்டு: மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். இதில் பாலம் ஏறுவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 85 கிலோ, ஆளும் சரக்கும் 155, மொத்தம் 240. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சரிவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, உயரம் தூக்குவதற்கு மட்டுமே 490 வாட் வேண்டும். 250 வாட் மோட்டார் இரண்டு மடங்கு வேலை செய்கிறது. எங்கள் மதுரை எல்லீஸ் நகர் பாலம் ஏறி இறங்கியதும், மோட்டார் இருக்கும் பின் சக்கரத்தின் நடுவில் கை வைத்தால் சுடும். தினமும் பாலம் இருக்கிறது, 60 கிலோவுக்கு மேல் சரக்கு இருக்கிறது என்றால், பதிவு செய்து ஓட்டும் பெரிய மோட்டார் வண்டிக்குப் போய்விடுங்கள்.

சிலர் கடையிலேயே "ஸ்பீடு லாக்கை எடுத்துத் தர்றேன், 45 போகும்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். அந்த நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடும். யார் மீதாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் நம் தலையில் விழும். பிரேக்கும் வண்டியின் ஃபிரேமும் 25 கிலோமீட்டர் வேகத்துக்காகச் செய்தவை. 45-ல் லோடோடு நிற்காது. சிறிய வண்டிதான் வேண்டும் என்றால், அது அந்த எல்லைக்குள்தான் என்பதற்கு புனே ஏஆர்ஏஐ, மானேசர் ஐகேட், ஒரகடம் ஜிஏஆர்சி மாதிரியான சோதனை நிலையத்தின் சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மானியம் என்று ஆசை காட்டினாலும் கவனம். பேட்டரி வண்டிகளுக்கான மத்திய அரசின் மானியத் திட்டமான ஃபேமின், 2019-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்திலிருந்தே ஆசிட் பேட்டரி வண்டிக்கு மத்திய மானியம் கிடையாது.

எல்லோருக்கும் பெரிய வண்டி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மல்லிகைக் கூடைகள் பார்க்க மலை மாதிரி இருந்தாலும், நாத்தனார் மகன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து கொண்டுவருவது 30 கிலோதான். போக வர 18 கிலோமீட்டர். அவனுக்குச் சின்ன வண்டியே போதும். மிச்சப் பணத்தை நல்ல பேட்டரிக்கும் பின்பக்கக் கேரியரின் வெல்டிங்கைக் கெட்டியாக்குவதற்கும் போடச் சொன்னேன்.

ட்ரையல் கேட்டால் வெறும் வண்டியைத் தெருமுனை வரைக்கும் ஓட்டத் தருவார்கள். நாங்கள் வீட்டிலிருந்தே 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கொண்டு போனோம். முதல் கடையில் அதை ஏற்ற விடவே இல்லை. இரண்டாவது கடையில் ஏற்றி, அவன் பக்கத்துப் பாலத்துக்கு விட்டான். ஆக்சிலேட்டரை முறுக்கியதும் மீட்டரில் நான்கு கோடு ஒன்றாக இறங்கியது, விட்டதும் ஏறியது. பேட்டரியில் தெம்பில்லை என்று திரும்பிவிட்டோம். மூன்றாவது கடை வண்டி அதே மூட்டைகளோடு ஏறும்போது ஒரே ஒரு கோடுதான் இறங்கியது. இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்தான், நேராக நின்றது. அதைத்தான் எடுத்தான்.