வடிவமைப்பாளர் சங்கக் கிளையின் சபைக்கு ஆள் முன்மொழியப் போகிறீர்களா? முதலில் அந்த ஆளிடம் கேளுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இருந்து எழும்பி, வெளியே போய் ஒரு அழைப்பு எடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். என்னைத் தனாதிகாரி ஆக்கியிருந்தார்கள். முன்மொழிந்தவருக்கு என் பெயர்கூடச் சரியாகத் தெரியாது, ‘எங்கட டிசைனர் தம்பி’ என்று சொல்லியிருக்கிறார், பின்னால் இருந்த ஒருவர் வழிமொழிந்திருக்கிறார், ஏகமனதாம். அடுத்த கிழமை ஒரு பிஸ்கற் ரின் வீட்டுக்கு வந்தது. உள்ளே எழுத்து மங்கிப்போன பற்றுச்சீட்டுகள், ஒரு வங்கிப் புத்தகம். அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமை பழைய தனாதிகாரிக்கு. அவர் கனடா போய் எட்டு மாதம்.

வடிவமைப்பாளர் சங்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் கிளை நடத்துகிறவர்களும், நடத்த யோசிக்கிறவர்களும் இந்த ரின்னை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அமெரிக்காவில் 1914இல் தொடங்கிய ஏஐஜிஏ (AIGA) போன்ற பெரிய வடிவமைப்பாளர் சங்கத்திலேயே நகரக் கிளைகளின் சபையில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான். ஒருவரை முன்மொழிவது அவருக்கு மாலை போடுகிற வேலை இல்லை, அவருடைய ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கிற வேலை.

முதலில் சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் விதிகள் எழுதிய பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே ஒரு நாள் போகலாம். யார் முன்மொழியலாம், வழிமொழிபவர் வேண்டுமா, சந்தா கட்டாதவரை முன்மொழியலாமா, ஒரே ஆள் தொடர்ந்து எத்தனை தவணை இருக்கலாம், விண்ணப்பம் எத்தனை நாளுக்கு முன் வரவேண்டும் என்ற ஐந்தும் தெரிந்தால் போதும். சந்தா விசயத்தை மட்டும் முன்கூட்டியே சரி பார்த்துவிடுங்கள், நல்ல ஆளொருவர் சின்ன நிலுவைக்காகக் கடைசி நேரத்தில் தகுதி இழப்பது பார்க்கப் பாவம்.

அப்புறம், எந்தக் கதிரை காலி என்று பார்க்காமல் என்ன வேலை காலி என்று பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாச் சங்கத்திலும் உண்டு. ஆனால் வடிவமைப்புக் கிளை உயிரோடு இருப்பது மற்றப் பொறுப்புகளால்: நிகழ்ச்சி, அங்கத்துவம், அனுசரணை, மாணவர் தொடர்பு, அறிவித்தல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள். என்ன செய்யவேண்டும், மாதம் எத்தனை மணி நேரம், கைக்காசு போகுமா. மூன்றாவதை எழுத எல்லோருக்கும் கூச்சம். எழுதாவிட்டால் பெற்றோல் காசையும் பிளேன்ரீக் காசையும் பொறுப்பாளர் தன் பையில் இருந்து போட்டுப் போட்டு ஒரு நாள் பேசாமல் விலகிப் போய்விடுவார், ஏன் போனார் என்றும் யாருக்கும் விளங்காது.

ஆளை எங்கே தேடுவது? எங்களுக்குப் பழக்கம் மேடையில் தேடுவது. ஓய்வுபெற்ற அதிபர், பெரிய கடை முதலாளி, பேச்சு நன்றாக வருகிறவர் என்று கண் தானாகப் போகும். அவர்களைப் போஷகர் ஆக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சபைக்கு ஆள் வேண்டுமென்றால் நிகழ்ச்சி முடிந்த பிறகு மண்டபத்தில் நின்று பாருங்கள். யார் கதிரை அடுக்குகிறார், யார் வயரைச் சுற்றுகிறார், வந்த பிள்ளைகளிடம் யார் போய்ப் பெயர் கேட்கிறார். அந்த மூன்று பேரில் ஒருவர் உங்கள் ஆள்.

இன்னொரு கூட்டத்தை நாங்கள் எப்போதும் விட்டுவிடுகிறோம். 1841இலேயே உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த ஊர் இது, அச்சுக்கு இங்கே நீண்ட பரம்பரை உண்டு. இன்றைக்கும் கலியாணக் காட், திருவிழாப் பிரசுரம், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகம் எல்லாவற்றையும் அச்சகத்து மூலையில் ஒரு கணினியின் முன் இருந்து செய்கிற அண்ணைமார் இருக்கிறார்கள். பாமினி எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார்கள். தங்களை டிசைனர் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்குப் படத்தை மாற்றச் சொல்லி வருகிற வீட்டாரைப் பொறுமையாகச் சமாளித்து, விடிய வேலையைக் கொடுத்த மனிதருக்குச் செயற்குழு ஒன்றும் பெரிய பாரம் இல்லை. வெளிநாட்டு வேலையை வீட்டில் இருந்து செய்கிற இளம் பிள்ளைகளை மட்டும் நிரப்பிய சபை எனக்கு அரைச் சபையாகத்தான் தெரிகிறது.

சரி, ஆளைப் பிடித்தாயிற்று. இப்போது கேட்கவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டு, கீழே நாற்பது பேர் கும்பிடு போட்ட பிறகு கேட்காதீர்கள், அது கேட்பது இல்லை, பிடித்துக் கட்டுவது. தனியாகப் போய்க் கதையுங்கள்.

‘அக்கா, நிகழ்ச்சிப் பொறுப்புக்கு உங்கட பேரைப் போடலாமோ என்று யோசிக்கிறன். மாதம் ஒரு கூட்டம், வருசத்துக்கு நாலு நிகழ்ச்சி. நிகழ்ச்சிக் கிழமையில ரெண்டு மூண்டு பின்னேரம் போகும். கைக்காசு போகாது, பில் தந்தால் காசு வரும்.’

‘கூட்டம் எத்தினை மணிக்கு?’

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருங்கள். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிற கூட்டத்துக்குப் பருத்தித்துறையில் இருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்து போக முடியாது, பிறகு நாங்களே ‘பொம்பிளையள் முன்வாறதில்லை’ என்று மேடையில் கவலைப்படுவோம். நேரத்தை மாற்ற உங்கள் சபை தயாரா என்று முதலே கேட்டு வைத்துக்கொண்டு போவது நல்லது.

‘பாப்பம்’ என்று பதில் வந்தால் அது எங்கள் ஊரில் பெரும்பாலும் ‘இல்லை’தான். இரண்டு கிழமை கொடுங்கள், ஒருதரம் மட்டும் திரும்பக் கேளுங்கள், அதோடு விடுங்கள். அரைமனதோடு வந்தவரை வருடம் முழுக்கத் துரத்துவதைவிடக் கதிரை காலியாக இருக்கலாம். இது என் கட்சி, ஒத்துக்கொள்ளாதவர்கள் பலர் இருக்கிறார்கள்.

சம்மதித்துவிட்டாரா, முன்மொழிவை எழுதுங்கள். ‘சிறந்த பண்பாளர், கலையார்வம் மிக்கவர், அனைவராலும் நேசிக்கப்படுபவர்’ என்று எழுதினால் அது கல்வெட்டு. உயிரோடு இருப்பவருக்குச் செய்த வேலையை எழுதவேண்டும். ஒரு மாதிரி தருகிறேன்:

‘சென்ற ஆண்டு நடந்த மூன்று மாணவர் பட்டறைகளுக்கும் மண்டபம் பிடித்தவரும் ஆள் சேர்த்தவரும் இவர். இரண்டாவது பட்டறையன்று மின்சாரம் நின்றபோது புரொஜெக்டரைக் காத்துக்கொண்டிராமல் எல்லோருக்கும் தாளும் பென்சிலும் கொடுத்துத் தொடங்கிவைத்தார். செலவுக் கணக்கை மறுநாளே அனுப்பினார். மாதம் எட்டு மணி நேரம் ஒதுக்கச் சம்மதித்துள்ளார்.’

நாலு வரி. இதை வாசிக்கிற அங்கத்தவருக்கு அவரைத் தெரியாவிட்டாலும் ஆள் எப்படி என்று விளங்கும். அவருக்குச் சொந்த அச்சகம் இருந்தால், அல்லது கிளைக்கு அனுசரணை தருகிற நிறுவனத்தில் வேலை என்றால், அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அது குற்றம் இல்லை. கிளையின் அச்சு வேலை பற்றி முடிவெடுக்கும்போது அவர் விலகியிருக்கவேண்டும், அவ்வளவுதான். மறைத்தால்தான் பிறகு தேநீர்க் கடையில் கதை கிளம்பும்.

தன் பெயரைத் தானே கொடுக்கலாமா என்று கேட்பார்கள். யாப்பு இடம் கொடுத்தால் தாராளமாகக் கொடுங்கள். அவையடக்கம் என்ற பேரில் ஆசையை ஒளித்துவைத்து, யாராவது தன் பெயரைச் சொல்லமாட்டார்களா என்று கூட்டம் முழுக்கக் காத்திருப்பதைவிட அது நேர்மை. பெயர்களைச் சேகரித்துச் சரிபார்க்க மூன்று பேரை வைத்தால், அவர்கள் மட்டும் அந்த முறை போட்டியிடக்கூடாது.

காலத்தையும் பாருங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறித் திருவிழா நடக்கிற 25 நாளுக்குள் கூட்டம் வைத்தால் வருகிறவரும் மனதைத் தேரடியில் விட்டுவிட்டுத்தான் வருவார். தை பிறந்து கலியாணங்கள் தொடங்கினால் அச்சகக்காரர் ஒருவரும் கிடைக்கமாட்டார்.

ஒரு கதிரைக்கு இரண்டு பெயர் வந்தால் கை உயர்த்தச் சொல்லாதீர்கள், துண்டுச் சீட்டு கொடுங்கள். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ வகையில் சொந்தம், ஒருவர் அண்ணையின் முகத்துக்கு நேரே எப்படிக் கையைக் கீழே வைத்திருப்பார்? தோற்றவரை அன்று இரவே கூப்பிட்டுக் கதைத்து ஒரு உபகுழுவில் வேலை கொடுங்கள், ஒரு கிழமை கழித்து வேண்டாம்.

தெரிவு முடிந்த கூட்டத்தின் அறிக்கையில் புதியவர்களின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் எல்லாம் இருக்கட்டும், கணக்கில் கையெழுத்து மாற்றப் போகும்போது வங்கியில் கேட்பார்கள். பழையவரும் புதியவரும் ஒரே நாளில் ஒன்றாகப் போய்விடுங்கள், விமானச் சீட்டு எடுக்க முதல். முகநூல் பக்கத்தின் நிர்வாகி யார், இலச்சினையின் மூலக் கோப்பு எங்கே, மின்னஞ்சலின் கடவுச்சொல் என்ன என்பதையும் அன்றைக்கே வாங்குங்கள். நான் தனாதிகாரியாக இருந்த சங்கத்தின் பக்கத்துக்கு இன்றும் நிர்வாகி ஒரு முன்னாள் தலைவரின் மகன். பெடியன் மெல்பேர்ணில், கேட்டால் பதில் போடுவான், இரண்டு நாள் எடுக்கும்.