கருவி இருந்தும் ‘இல்லை’ என்கிறதா? கொன்ஃபிகர் தேடும் முறை

மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளைக் கட்டுவதற்கு முன் நாம் ஓடவிடும் கொன்ஃபிகர் ஸ்கிரிப்ட், கணினியில் என்னென்ன நிறுவப்பட்டுள்ளன என்பதை அறியாது. பாத் என்னும் சூழல் மாறியில் (கட்டளைகளை எங்கே தேடுவது எனக் கணினிக்குச் சொல்லும் பட்டியல்) உள்ள அடைவுகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்து, கேட்ட பெயரில் இயங்கத்தக்க கோப்பு எங்கே முதலில் அகப்படுகிறதோ அங்கேயே தேடலை நிறுத்திவிடும். ஒழுங்கைக்குள் ஆள் விசாரித்து வந்தவர், அதே பெயருடைய வேறொருவரை முதல் வீட்டிலேயே கண்டு அலுவலை முடித்துக்கொள்வதும் உண்டல்லவா!

கொக்குவிலில் என்னிடம் படிக்கவரும் மாணவர் ஒருவருக்கு அதுதான் நேர்ந்தது. உபுண்டு என்னும் இயங்குதளம் தந்த புதிய ஜீசீசீ தொகுப்பான் (மூலநிரலை இயங்கத்தக்க கோப்பாக மாற்றும் கருவி) ‘/யூஎஸ்ஆர்/பின்’ அடைவில் இருந்தது. எப்போதோ கட்டிவைத்த பழையது ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’ அடைவில் கிடந்தது. பாத் வரிசையில் லோக்கல் முந்தி நின்றதால், புதியதை மூன்று தரம் அழித்து நிறுவியும் பழையதே அகப்பட்டது.

ஆகவே மீள நிறுவ முன்னர், முனையத்தில் ‘ரைப் -ஏ ஜீசீசீ’ எனக் கேளுங்கள்; அப்பெயரில் உள்ள அனைத்தும் பாத் வரிசைப்படியே வரும். அடுத்து, கட்டும் அடைவில் உருவாகியிருக்கும் ‘கொன்ஃபிக்.லொக்’ கோப்பைத் திறவுங்கள். பலரும் இதைத் தொடுவதேயில்லை. என் கணிப்பில் பாதித் தலையிடி அங்கேயே தீரும். அதன் தொடக்கத்தில், ஸ்கிரிப்ட் கண்ட பாத் அடைவுகள் வரிக்கு ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். கீழே, எதைத் தேடியது, எங்கே கண்டது, சோதனைக்காகத் தொகுத்த சிறு நிரல் எந்த வழுவுடன் நின்றது என்பன வரிசையாக இருக்கும். நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையுடன் ஓடவிட்டால் பாத் பெரும்பாலும் மாறிவிடும் என்பதையும் இங்கேதான் கண்டுகொள்வீர்கள்.

பிழையான தொகுப்பான் அகப்பட்டிருந்தால் பாத்தைக் குழப்பத் தேவையில்லை. கொன்ஃபிகர் கட்டளையின் பின்னால் ‘சீசீ=’ என எழுதி, வேண்டிய தொகுப்பானின் முழுப் பாதையையும் கொடுத்தால், ஸ்கிரிப்ட் தேடாமல் அதையே எடுத்துக்கொள்ளும்.

பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களான நூலகங்களின் கதை வேறு. அவற்றைப் பெரும்பாலும் பக்கேஜ்-கொன்ஃபிக் என்னும் கருவி, பீசீ என முடியும் சிறு விவரக் கோப்புகளைக் கொண்டே அறிகிறது. உபுண்டுவில் அக்கோப்புகள் வழக்கமாக ‘-டெவ்’ என முடியும் பொதியில்தான் வரும். நூலகத்தை மட்டும் நிறுவியவருக்கு ‘இல்லை’ என்ற பதில் கிடைப்பது அதனாலேயே.

கொன்ஃபிகருக்குப் பதிலாகச் சீமேக் என்னும் கருவியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒருமுறை கண்ட பாதையை அது ‘சீமேக்கேஷ்’ கோப்பில் எழுதிவைத்துக்கொள்வதால், பாத்தைத் திருத்திய பின்னரும் பழைய கருவியையே பிடித்துக்கொண்டிருக்கும். அக்கோப்பை அழித்துவிட்டு மீண்டும் ஓடவிடுங்கள்.