த்ரேந்தின்யானைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

பிரெஞ்சு நடிகர் ழான்-லூயி த்ரேந்தின்யான் என்று சொன்னால் உலக சினிமா பார்ப்பவர்களில் பாதிப்பேர், "ஆமாம், 'அமூர்' படத்தில் வரும் தாத்தா" என்பார்கள். தப்பில்லை. ஆனால் 1930இல் பிறந்து, 1950களில் நடிக்க வந்து, 2019 வரை திரையில் தென்பட்ட ஒரு மனிதரை அந்தக் கடைசி வாசல் வழியாகப் போய்ப் பார்த்தால் பல விஷயங்கள் கோணலாகத்தான் தெரியும்.

'அமூர்' 2012இல் வந்தது, இயக்கம் மிக்கேல் ஹனெகே. பக்கவாதம் வந்த மனைவியை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் வேடம் இவருக்கு. தளர்ந்த நடை, அடங்கிய குரல். இவ்வளவு குறைவாக நடிப்பது வயதால்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை, முப்பது வயதிலேயே அவர் அப்படித்தான் நடித்தார். தீனோ ரீசியின் 'இல் சொர்பாசோ' (1962) படத்தைப் பாருங்கள். ஆகஸ்ட் 15 விடுமுறை, ரோம் நகரமே காலியாகக் கிடக்கிறது. சட்டம் படிக்கும் மாணவன் ரொபெர்த்தோ வீட்டில் புத்தகமும் கையுமாக இருக்கிறான். ஒரு போன் பண்ண இடம் தேடி வரும் புரூனோ, அவனைத் தன் லான்சியா காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறான். புரூனோவாக வித்தோரியோ காஸ்மன். சத்தம், ஹாரன், பேச்சு, சிரிப்பு எல்லாம் அவருடையதுதான். முதல் தடவை பார்க்கும்போது படமே காஸ்மனுடையது என்று தோன்றும். இரண்டாம் தடவை காரின் பக்கத்து இருக்கையை மட்டும் கவனியுங்கள். கூச்சம், எரிச்சல், மெல்ல எட்டிப் பார்க்கும் பொறாமை, இந்த ஆளைப் போலவே இருந்தால் என்ன என்ற சபலம் எல்லாம் அங்கே ஒவ்வொன்றாக வந்து போகும். (த்ரேந்தின்யானும் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் சட்டம் படித்தவர்தான். ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு, படிப்பைப் போட்டுவிட்டுப் பாரிஸுக்கு நடிப்புக் கற்கப் போனார்.)

முகத்தில் ஒன்றுமே இல்லையே என்பது

இவரைப் பற்றி அதிகம் கேட்கும் புகார் இதுதான். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெர்னார்தோ பெர்த்தொலூச்சியின் 'தி கன்ஃபார்மிஸ்ட்' (1970) படத்தில் இவர் முசோலினி காலத்து பாசிச அரசுக்கு வேலை செய்யும் மார்ச்செல்லோ. எல்லோரையும் போல இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கையே இல்லாத ஆள். பனி மூடிய காட்டுப் பாதையில் ஒரு கொலை நடக்கிறது. உயிர் தப்ப ஓடிவரும் பெண், இவர் உட்கார்ந்திருக்கும் காரின் கண்ணாடியைக் கையால் அடித்து அலறுகிறாள். இருவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அவர் பின் இருக்கையில் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவைத் திறக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. இந்த இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால்கூட நாம் அந்த ஆளை மன்னித்திருப்போம். அந்த வசதியை நமக்கு அவர் தருவதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'மை நைட் அட் மாட்ஸ்' இதற்கு நேரெதிர். எரிக் ரோமேர் இயக்கியது. கிளெர்மோன்-ஃபெரான் நகரம், கிறிஸ்துமஸ் சமயம், பனி. ஒரு கத்தோலிக்கப் பொறியாளர், விவாகரத்தான மாட் என்ற பெண்ணின் வீட்டில் இரவு தங்க வேண்டி வருகிறது. தத்துவவாதி பாஸ்கல், நம்பிக்கை, கல்யாணம் என்று விடியும் வரை பேச்சுதான். "என்னப்பா, பேசிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு யோசனை: பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள். காமெராவும் பல இடங்களில் அதைத்தான் செய்கிறது. தன் கொள்கையைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசுகிற அந்த மனிதர், கடைசியில் போர்வையைத் தன்மேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் படுக்கிற விதத்தில் இருக்கும் நகைச்சுவை வசனத்தில் இல்லை.

அப்புறம் 'அமூர்' படத்தில் சமையலறைக் காட்சி. காலை உணவு நேரத்தில் மனைவி திடீரென்று பதிலே சொல்லாமல் வெறித்துப் பார்க்கிறார். இவர் குழாயைத் திறந்து துண்டை நனைத்து அவர் முகத்தில் ஒற்றுகிறார். பயனில்லை. உதவிக்கு ஆள் கூப்பிடுவதற்காக உடை மாற்ற உள்ளே போகிறார், குழாயை மூடாமலே. நாம் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சட்டென்று அது நின்றுவிடுகிறது. அந்தச் சத்தம் நின்றதும் இவர் உடம்பில் ஏற்படும் மாற்றம் மிகச் சின்னது. திரையைப் பார்த்துக்கொண்டே போனை நோண்டினால் கண்டிப்பாகத் தவறிவிடும்.

வேறொருவர் குரலை அவர் குரல் என்று நினைப்பது

அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் குரலைப் பின்னால் சேர்ப்பதுதான் வழக்கம். வெளிநாட்டு நடிகர்களுக்கு இத்தாலியர்கள் குரல் கொடுத்தார்கள். ஆகவே 'இல் சொர்பாசோ', 'தி கன்ஃபார்மிஸ்ட்' இரண்டின் இத்தாலியப் பிரதியிலும் நாம் கேட்பது இவர் குரல் அல்ல. அதை வைத்து இவருடைய வசன உச்சரிப்பை மெச்சி எழுதிய பதிவுகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். செர்ஜியோ கொர்பூச்சியின் 'தி கிரேட் சைலன்ஸ்' (1968) என்ற வெஸ்டர்னில் இன்னும் ஒருபடி மேலே: கதாபாத்திரமே ஊமை, படம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. அவருடைய உண்மையான குரல் வேண்டுமென்றால் 'மாட்ஸ்', 'த்ரீ கலர்ஸ்: ரெட்' மாதிரியான பிரெஞ்சு மொழிப் படங்களுக்குத்தான் போக வேண்டும். வயதான பிறகு மேடையில் அப்பொலினேர், ப்ரெவேர் கவிதைகளைச் சொல்லியே அரங்குகளை நிறைத்த குரல் அது.

'நியூ வேவ் நடிகர்' என்று முத்திரை குத்துவது

நியூ வேவ் என்பது 1950களின் கடைசியில் பிரெஞ்சு சினிமாவில் எழுந்த புது அலை; கொதார், த்ரூஃபோ, ரோமேர், ஷப்ரோல் எல்லாம் அதன் இயக்குநர்கள். 1960களில் பிரான்ஸில் நடித்தவர் என்றால் உடனே இந்தச் சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். கொதார் படங்களில் இவர் நடித்ததில்லை. த்ரூஃபோ படத்தில் நடித்தது 1983இல், அதுவும் த்ரூஃபோவின் கடைசிப் படத்தில். ரோமேருடன் ஒன்று, ஷப்ரோலுடன் 'லே பிஷ்' (1968), அவ்வளவுதான் சொல்லும்படியாக இருக்கிறது. இவர் பெயர் முதலில் பரவியது 1956இல் ரொஜே வதீம் படத்தில் பிரிஜித் பார்தோவின் கணவராக நடித்தபோது. உலகப் புகழ் வந்தது குளோத் லெலூஷின் 'எ மேன் அண்ட் எ வுமன்' (1966) மூலம். அந்தப் படத்தைப் பற்றியும் ஒரு தவறு சுற்றிக்கொண்டிருக்கிறது. கலரும் கறுப்பு-வெள்ளையும் மாறிமாறி வருவதற்கு நினைவு, நிகழ்காலம், துக்கம் என்று பக்கம்பக்கமாக விளக்கம் எழுதுவார்கள். முழுப் படத்தையும் கலரில் எடுக்கப் பணம் இல்லை என்று லெலூஷே சொல்லியிருக்கிறார்.

அதில் இவர் கார் பந்தய வீரர். நிஜத்திலும் பந்தயக் குடும்பம்தான். ஆனால் 1955இலும் 1958இலும் மொனாக்கோ கிராண்ட் ப்ரீ வென்ற மொரீஸ் த்ரேந்தின்யான் இவருடைய அப்பா அல்ல, சித்தப்பா. இவரும் 1980இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கார் ஓட்டினார்.

விருதை வைத்து எடை போடுவது

பிரான்ஸின் செசார் விருது இவருக்கு 82 வயதில்தான் கிடைத்தது, 'அமூர்' படத்துக்காக. "இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்களே" என்று உருகுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு: செசார் விருதே 1976இல்தான் தொடங்கியது. இவருடைய மிகச் செழிப்பான காலம் அதற்குள் முடிந்துவிட்டது. அப்போது இருந்த விருதுகள் இவரைத் தேடி வரத்தான் செய்தன. 1968இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர், 1969இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர். கான் விருது கோஸ்தா-கவ்ராஸின் 'இஸட்' படத்துக்கு. இத்தனைக்கும் அதில் இவர் வரும் நேரம் கொஞ்சம்தான். அரசியல் கொலையை விசாரிக்கும் மாஜிஸ்திரேட், படத்தின் பிற்பாதியில்தான் முக்கியமாகிறார். ராணுவ அதிகாரிகள் ஒவ்வொருவராக உள்ளே வர, எல்லோரிடமும் அதே தொனியில், குரலை உயர்த்தாமல், பெயரையும் தொழிலையும் கேட்கிறார். அந்த நிதானம்தான் அவர்களை மிரட்டுகிறது. கதாநாயகன் யார், எத்தனை காட்சி என்று எண்ணிக்கொண்டு பார்த்தால் இதெல்லாம் பிடிபடாது.

சொந்தத் துயரத்தை நடிப்பின் மேல் ஏற்றுவது

2003இல் இவருடைய மகள், நடிகை மரி த்ரேந்தின்யான் கொல்லப்பட்டார். அதிலிருந்து தான் மீளவே இல்லை என்பதை அவர் ஒளித்ததில்லை. 'அமூர்' பற்றி எழுதும் பலர் அந்த வலிதான் திரையில் வந்தது என்று முடித்துவிடுகிறார்கள். சரி, அப்படியானால் 1994இல் கீஷ்லோவ்ஸ்கியின் 'ரெட்' படத்தில் பக்கத்து வீட்டார் போன் பேச்சை ஒட்டுக்கேட்கும் ஓய்வுபெற்ற நீதிபதிக்கு அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது? அடிபட்ட நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும் இளம்பெண்ணிடம், அது தன்னுடைய நாய்தான் என்று தெரிந்தும் துளிகூட அசையாமல் பேசுகிறாரே, அந்த வறட்சி? இந்த மௌனத்தை அவர் பல வருடம் உழைத்துச் சம்பாதித்தார். ஒரு சோகம் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொல்வது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். '14 வருடம் கழித்து அமூர் மூலம் சினிமாவுக்குத் திரும்பினார்' என்று பல இடங்களில் படிக்கலாம். இடையில் 2003இல் 'ஜானிஸ் எ ஜான்' வந்தது. மகள் மரியும் அவரும் சேர்ந்து நடித்த படம், மரி இறந்த பிறகு வெளியானது. 'அமூர்'தான் கடைசி என்பதும் சரியில்லை. 2017இல் ஹனெகேயுடன் 'ஹேப்பி எண்ட்', 2019இல் லெலூஷுடன் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் எ லைஃப்'. பின்னதில் 1966இன் அதே ஜோடி, அவரும் அனூக் எமேயும், முதியவர்களாக வருகிறார்கள். முதல் படத்தைப் பார்க்காமல் இதைப் பார்க்க வேண்டாம்; பழைய காட்சிகள் நடுவில் வரும்போது யார் எதை நினைத்துக்கொள்கிறார்கள் என்று புரியாது.