வேலூர் வெயிலுக்கு டவர் கூலரா, லிக்விட் கூலரா?

கம்ப்யூட்டரின் பிராசஸர் (சி.பி.யு.) சூட்டைத் தணிக்க இரண்டு வழி: உலோகத் தகடுகளும் ஃபேனும் உள்ள டவர் கூலர், பம்ப் மூலம் நீரை ஓட்டி ரேடியேட்டரில் ஆறவைக்கும் லிக்விட் கூலர். டவர் வாங்கப் போனால் கடையில் ‘ஏர் கூலர்’ என்று மட்டும் கேட்காதீர்கள், தண்ணீர் ஊற்றி வைக்கும் கூலரைக் காட்டிவிடுவார்கள். ‘சி.பி.யு. டவர் கூலர்’ என்று கேளுங்கள்.

வாங்கும் முன் அறைச் சூட்டைப் பாருங்கள். கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையில் ராத்திரியிலும் தளம் சுடும். டவரோ லிக்விடோ, கடைசியில் சூட்டை அந்த அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. காற்றைவிடக் குளிர வைக்க இரண்டாலும் முடியாது. 28 டிகிரி அறையில் 75ல் ஓடும் பிராசஸர், அதே வேலைக்கு 40 டிகிரி அறையில் ஏறக்குறைய 87க்குப் போகும். மார்கழியில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அடுத்து வாட் கணக்கு: பிராசஸர் இழுக்கும் மின்சாரம் சூடாகத்தான் வெளியே வரும். ரைசன் 5 7600 அதிகபட்சம் 88 வாட், ஐ5 12400 117 வாட் இழுக்கும். நான்கு ஹீட் பைப்பும் (சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் குழாய்) ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள டவர் இவற்றுக்குத் தாராளம். ஐ5 14600கே 181 வாட். அதற்கு இரட்டை டவர், இரண்டு ஃபேன். ஐ9 14900கே (253 வாட்), ரைசன் 9 7950எக்ஸ் (230 வாட்) போன்றவற்றில் மணிக்கணக்கில் ரெண்டரிங் (வீடியோ, 3டி படம் உருவாக்கும் வேலை) செய்பவருக்குத்தான் 360 மி.மீ. ரேடியேட்டர் உள்ள லிக்விட் தேவை. கண்ணாடி வழியே விளக்கு மின்னுவதற்காக மலிவான 120 மி.மீ. லிக்விட் வாங்குவது வீண். நல்ல டவரே அதை முந்தும்.

டவரில் கெடுவது ஃபேன் மட்டுமே, அதை மாற்றிக்கொள்ளலாம். லிக்விடில் பம்ப் நின்றால் சில நொடிகளிலேயே சூடு உச்சிக்கு ஏறி வேகம் விழும். குழாய் வழியே நீரும் வருடக்கணக்கில் மெல்லக் குறையும். பெரும்பாலான மாடல்களில் திரும்ப நிரப்ப வழியில்லை.

கேபினட் அளவைப் பார்த்தே வாங்குங்கள். டீப்கூல் ஏகே400 உயரம் 155 மி.மீ., நாக்டுவா என்ஹெச்-டி15 165 மி.மீ. லிக்விடுக்கு ரேடியேட்டர் தடிமன் 27, ஃபேன் 25 என்று மேலே 52 மி.மீ. இடம் வேண்டும், இல்லாவிட்டால் ரேமில் இடிக்கும். ரேடியேட்டரை மேல்பக்கம் மாட்டுவது நல்லது. முன்பக்கம் மாட்டினால் அதன் மேல்நுனி பம்ப்பைவிட உயரத்தில் இருக்கட்டும். பம்ப் உச்சியில் இருந்தால் காற்றுக்குமிழி அங்கே சேர்ந்து களகளவென்று சத்தம் வரும்.

கூலரின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்கிறவர்கள் ஏராளம். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வைக்கும் தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். ஸ்க்ரூக்களைக் குறுக்கு மாற்றாக, ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். பழைய ஏஎம்4 போர்டில் (முந்தைய ரைசன் பிராசஸர்களுக்கானது) கூலரைக் கழற்றும்போது, பேஸ்ட் இளகக் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, லேசாகத் திருகி எடுங்கள்; நேராக இழுத்தால் பிராசஸரும் பின்னோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

காட்பாடி ஹாஸ்டலிலிருந்து லீவுக்குக் கம்ப்யூட்டரை ஊருக்குக் கொண்டுபோவதானால் பெரிய டவரைக் கழற்றித் தனியாக எடுத்துப்போங்கள். பஸ் குலுக்கலில் ஒரு கிலோ உலோகம் போர்டையே வளைத்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூசி ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.