சென்னை விமான நிலையத்துக்கு மெட்ரோ, மின்சார ரயில், பஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளிக் கட்டிய விமான நிலையம் அல்ல சென்னையுடையது. வாசலில் ஜிஎஸ்டி சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் ரயில் நிலையம். வளாகத்துக்குள்ளேயே மெட்ரோ, அதுவும் 2016 செப்டம்பரிலிருந்து. இத்தனை வசதி பக்கத்தில் இருந்தும் பலர் பணத்தையோ நேரத்தையோ, சில சமயம் விமானத்தையே கூடக் கோட்டை விடுகிறார்கள். டிக்கெட் விலையை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டுக்கும் ரயிலுக்கும் இடையிலும் ரயிலுக்கும் விமானத்துக்கும் இடையிலும் என்ன நடக்கும் என்று கணக்குப் போடாததுதான் பெரும்பாலும் காரணம்.

முதல் ரயிலை நம்பி விடிகாலை விமானம்

மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்குகிறது. "ஆறரை மணி விமானம்தானே, முதல் ரயிலில் போய்விடலாம்" என்பது அடிக்கடி நடக்கும் தப்புக்கணக்கு. சென்ட்ரலில் சரியாக 5 மணிக்கே ரயில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையம் போய்ச் சேர ஏறக்குறைய 40 நிமிடம். மெட்ரோ நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு முனைய வாசலுக்கு நடந்து, அடையாள அட்டை காட்டி உள்ளே போக இன்னும் 15 நிமிடம். மணி 5:55 ஆகிவிடும். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி போடும் கவுண்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுகின்றன. ஆக, எல்லாம் கூடிவந்தால்கூட 6:55-க்கு முந்தைய விமானம் கைக்கு எட்டாது. வரிசை, தாமதம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டால், முதல் மெட்ரோவில் வருபவர் 7:30-க்குப் பிந்தைய விமானத்தைப் பதிவு செய்வதே சரி. கைப்பை மட்டும்தான், வெப் செக்-இன்னும் முடித்தாயிற்று என்றால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம். அப்போதும் 25 நிமிடம் முன்பு போர்டிங் வாயில் மூடிவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

பலர் யோசிக்காத வழி ஒன்று இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில்கள் மெட்ரோவுக்கு முன்பே, விடிகாலை 4 மணியை ஒட்டியே ஓடத் தொடங்கிவிடும். எழும்பூர், மாம்பலம், கிண்டி பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேர முன்னிலை பெரிய விஷயம். அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது.

இரவில் இதே தவறு தலைகீழாக நடக்கிறது. மெட்ரோவின் கடைசி ரயில் 11 மணிவாக்கில். 10 மணிக்கு மேல் ரயில்களின் இடைவெளியும் கூடிவிடும். வெளிநாட்டு விமானம் 10 மணிக்குத் தரையிறங்கினால், குடியேற்றச் சோதனை, பெட்டி வருவது, சுங்கம் எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தைச் சாதாரணமாக விழுங்கும். ஒன்பதரைக்குப் பிறகு இறங்கும் வெளிநாட்டுப் பயணி மெட்ரோவைக் கணக்கிலேயே சேர்க்காமல் இருப்பது நல்லது. மின்சார ரயில் அதற்குப் பிறகும் சற்று நேரம் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு பெரிய சூட்கேஸ்களோடு அந்த நேரத்தில் சாலையைத் தாண்டித் திரிசூலம் போவதைவிட டாக்சிக்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல.

மீனம்பாக்கத்தில் இறங்குவது

மீனம்பாக்கம் ஏர்போர்ட் என்றே சொல்லிப் பழகிய ஊர் இது. அதனால் மெட்ரோவிலோ மின்சார ரயிலிலோ "மீனம்பாக்கம்" என்ற அறிவிப்பைக் கேட்டதும் பெட்டியோடு இறங்கிவிடுகிறார்கள், வெளியூர்க்காரர்கள் குறிப்பாக. இரண்டிலும் மீனம்பாக்கம் என்பது ஒரு நிலையம் முன்னால். மெட்ரோவில் இறங்க வேண்டியது கடைசி நிலையமான விமான நிலையம். மின்சார ரயிலில் திரிசூலம்.

பச்சை வழித்தடத்தில் இன்னொரு வலை உண்டு. அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி பக்கமிருந்து வரும் ரயில்கள் பொதுவாகப் பரங்கிமலையில் முடிகின்றன. விமான நிலையம் நீல வழித்தடத்தில் இருப்பதால் ஆலந்தூரில் இறங்கி மாற வேண்டும். எதிர் நடைமேடைக்கு நடந்தால் போதாது, வேறு தளத்துக்குப் போக வேண்டும். பெட்டி இருந்தால் லிஃப்டுக்குக் காத்திருப்பது உட்பட 5 முதல் 8 நிமிடம் ஒதுக்குங்கள். கோயம்பேடு வழியாக விமான நிலையத்துக்கு நேரடி ரயில்களையும் சில நேரங்களில் விடுவதுண்டு. நடைமேடைத் திரையில் சேருமிடத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். தூங்கிப்போய்ப் பரங்கிமலை வரை வந்துவிட்டாலும் பதற வேண்டாம். பக்கத்திலேயே மின்சார ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து பழவந்தாங்கல், மீனம்பாக்கம், அடுத்தது திரிசூலம்.

எங்கே போகிறோம் என்று பார்க்காமல் மெட்ரோவில் ஏறுவது

விமானத்திலிருந்து இறங்கியதும் கண்ணில் படுவது மெட்ரோ பலகைதான். ஏசி, சுத்தம், லிஃப்ட் எல்லாம் இருக்கிறது. ஆனால் எல்லாத் திசைக்கும் அது சரிவராது.

எழும்பூரில் ரயில் பிடிக்க வேண்டியவர் மெட்ரோவில் போனால் ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ ஒரு மாற்றம் தவிர்க்க முடியாது. திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறினால் மாற்றமே இல்லாமல் எழும்பூர் நிலையத்துக்குள்ளேயே இறங்கலாம், சாதாரண வண்டியில் செலவும் பத்து ரூபாயைத் தாண்டாது. தாம்பரத்திலிருந்து கிளம்பும் ரயில் என்றால் கேள்விக்கே இடமில்லை, மெட்ரோ அந்தப் பக்கம் போகவே இல்லை. சென்ட்ரலுக்கு மட்டும் மெட்ரோதான் நல்லது, ஒரே வண்டி. மின்சார ரயிலில் வந்தால் பூங்கா நிலையத்தில் இறங்கிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டியிருக்கும்.

தி.நகர் போகிறவர்கள் மாம்பலம் நிலையம் பக்கம் என்று நினைப்பார்கள். தூரத்தில் பக்கம்தான். ஆனால் இறங்கியதும் ரங்கநாதன் தெரு. மாலை நேரத்தில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடப்பதைவிட மெட்ரோவில் நந்தனம் வந்து ஆட்டோ பிடிப்பது புத்திசாலித்தனம்.

தென் மாவட்டங்களுக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் செய்யும் தவறுதான் இருப்பதிலேயே விலை கூடியது. பழைய நினைப்பில் கோயம்பேடு போய்விடுகிறார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு திருச்சி, மதுரை, நெல்லை, நாகர்கோவில் பக்கம் போகும் அரசு பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. விமான நிலையத்திலிருந்து கோயம்பேடு வடக்கே, கிளாம்பாக்கம் தெற்கே. கோயம்பேட்டுக்குப் போய் ஏமாந்தால் வந்த வழியே விமான நிலையத்தைத் தாண்டித் திரும்ப வேண்டும், இரண்டு மணி நேரம் போச்சு. ஜிஎஸ்டி சாலையில் தாம்பரம் திசை நிறுத்தத்தில் நின்றால் வண்டலூர், கிளாம்பாக்கம் பக்கம் போகும் மாநகரப் பேருந்துகள் வரும். நேர் பஸ் தாமதமானால் தாம்பரம் வரை போய் மாறிக்கொள்ளலாம். சாலையைக் குறுக்கே ஓடித் தாண்டாதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது.

ஒருவருக்கான கட்டணத்தை வைத்துக் குடும்பத்துக்கு முடிவெடுப்பது

மெட்ரோ கட்டணம் 2021 பிப்ரவரியில் குறைக்கப்பட்டது. 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 50. தனியாளுக்கு இதை எந்த டாக்சியும் நெருங்க முடியாது. நான்கு பேர் என்றால் கதை மாறும். 40 ரூபாய்த் தூரத்துக்கு நான்கு பேருக்கு 160. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நான்கு பேர், மூன்று பெட்டி என்றால் ஒரு ஆட்டோவில் அடங்காது, இரண்டு பிடிக்க வேண்டும். அங்கேயே இன்னொரு 200, 250 போய்விடும். சுமந்து ஏறி இறங்கும் பாட்டையும் சேர்த்துப் பார்த்தால், நெரிசல் இல்லாத நேரத்தில் நேரே கார் பிடிப்பதில் தவறில்லை. ஜிஎஸ்டி சாலையும் கத்திப்பாராவும் அடைத்துக்கொள்ளும் காலை, மாலை வேளைகளில் அதே குடும்பத்துக்கு மெட்ரோதான் சரி. அங்கே மிச்சமாவது பணத்தைவிட நிச்சயம்: எத்தனை மணிக்குச் சேருவோம் என்று சொல்லிவிடலாம்.

கவுண்டரில் வரிசையில் நின்று காகித டிக்கெட் வாங்குவதும் வீண் செலவுதான். கைபேசியில் எடுக்கும் க்யூஆர் டிக்கெட்டுக்கும் பயண அட்டைக்கும் 20 சதவீதம் தள்ளுபடி, அதாவது மேலே சொன்ன 160 ரூபாய் 128 ஆகிவிடும். வாட்ஸ்அப்பிலோ மெட்ரோ செயலியிலோ எடுக்கலாம். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் எடுக்க முடிகிறது. விமானத்திலிருந்து இறங்கி, கைபேசி இணைப்புக் கிடைத்ததும் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். வெளிநாட்டு சிம்மோடு வருபவர்களுக்கு மட்டும் யுபிஐ பெரும்பாலும் கைகொடுக்காது, அவர்கள் கையில் கொஞ்சம் சில்லறை ரூபாய் வைத்திருக்கட்டும்.

மெட்ரோவையும் டாக்சியையும் கலப்பது பலருக்குத் தோன்றாத வழி. விமான நிலையத்தில் செயலி வழி டாக்சி போட்டால், வண்டி ஏறும் இடம் பல அடுக்கு வாகன நிறுத்தத்தில். அங்கே போகவே பெட்டியோடு நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி வண்டிக்கு நிற்க வேண்டும். அதே தூரத்தை மெட்ரோ பக்கம் நடந்து, ரயிலில் வீட்டுக்கு அருகில் உள்ள நிலையம் வரை போய், அங்கிருந்து ஆட்டோவோ டாக்சியோ போடுங்கள். விமான நிலையம் ரயில் புறப்படும் நிலையம் என்பதால் உட்கார இடமும் பெரும்பாலும் கிடைக்கும்.

முனையத்தைப் பார்க்காமல் நடையைக் கட்டுவது

சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என இரண்டு முனையங்களிலிருந்தும், வெளிநாட்டு விமானங்கள் டி2-விலிருந்தும் போகின்றன. மெட்ரோ நிலையம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆனால் அதிலிருந்து டி1-க்கும் டி4-க்கும் போகும் வழி ஒன்றல்ல. 'டொமஸ்டிக்' என்று நினைத்துக்கொண்டு டி1 போய், வாசலில் காவலர் திருப்பி அனுப்பிய பிறகு டி4-க்கு ஓடுபவர்களைத் தினமும் பார்க்கலாம். போர்டிங் பாஸில் முனையம் அச்சாகியிருக்கும், ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் இந்தத் தவறுக்கு விலை இன்னும் அதிகம். அங்கே டி3-க்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், டி1-க்கு மெஜந்தா வழித்தடம், இரண்டும் வேறு வேறு தடம். மும்பையிலும் 2024 அக்டோபரில் ஓடத் தொடங்கிய 3-ஆவது மெட்ரோ தடத்தில் டி1-க்கும் டி2-வுக்கும் தனித்தனி நிலையங்கள்.

டெல்லி ஏர்போர்ட் எக்ஸ்பிரஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-இல் தனியார் கையில் தொடங்கியபோது வேகமும் சொகுசும் இருந்தன, கட்டணமும் அதற்கேற்ப எகிறியிருந்தது, ரயில் காலியாக ஓடியது. 2013 ஜூலையில் டெல்லி மெட்ரோ நிறுவனம் எடுத்துக்கொண்டு கட்டணத்தைப் படிப்படியாக இறக்கிய பிறகே கூட்டம் வந்தது. கோலாலம்பூரில் அப்படி எகிறிய கட்டணம் இன்றும் உண்டு. விமான நிலைய ரயிலான கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸில் நகருக்குள் இருக்கும் கேஎல் சென்ட்ரல் நிலையம் வரை 28 நிமிடம், ஒருவருக்கு 55 ரிங்கிட். மூன்று பேர் போனால் 165 ரிங்கிட். அந்தப் பணத்துக்குக் காரே பிடித்து ஹோட்டல் வாசலில் இறங்கிவிடலாம். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு அங்கே பஸ் இருக்கிறது, கட்டணம் ரயிலுடையதில் ஒரு சிறு பங்குதான்.

மின்சார ரயிலில் கவனிக்க வேண்டியவை

2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டுத் தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. குறைந்த கட்டணமே 35 ரூபாய். சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறினால் அபராதம், 'தெரியாமல் ஏறிவிட்டேன்' என்பது எடுபடாது. வந்து நிற்கும் பெட்டியில் கதவுகள் தானாக மூடிக்கொள்கிறதா என்று பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும்.

திரிசூலத்தில் எல்லா வண்டியும் நிற்பதாக எண்ண வேண்டாம், விரைவு வண்டிகள் தாண்டிப் போய்விடும். காலை 8 மணியிலிருந்து 10 வரை தாம்பரம் பக்கமிருந்து வரும் ரயில்கள் நிரம்பி வழிந்தே வரும், பெரிய பெட்டியோடு ஏறுவது உங்களுக்கும் பாடு, மற்றவர்களுக்கும் பாடு. தவிர, இந்தத் தடத்தில் தண்டவாளப் பராமரிப்புக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பல மணி நேரம் ரயில்களை ரத்து செய்வது வாடிக்கை. அறிவிப்பு ஓரிரு நாள் முன்பே தெற்கு ரயில்வேயிடமிருந்து வந்துவிடும். ஞாயிறு விமானம் என்றால் சனிக்கிழமையே அதைப் பார்த்துவிடுங்கள். ரத்து என்றால் அந்தக் கூட்டம் முழுக்க மெட்ரோவுக்கும் ஜிஎஸ்டி சாலை பஸ்களுக்கும்தான் வரும், அதற்கென்று கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக் கிளம்ப வேண்டும்.