கர்த்தர் கொடுத்த வார்த்தை, கை வைக்காதீங்க!

வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பின்னாலேயே ஒரு குரல் செய்தி: "அண்ணாச்சி, ஜெபத்தோட எழுதினது. லேசா ஒரு பார்வை பாத்துட்டு அச்சுக்குக் குடுத்திருங்க. அடுத்த மாசம் சபை ஆண்டுவிழாவுல வெளியிடணும்."

கிறிஸ்தவப் புத்தகங்களுக்குப் பிழை பார்ப்பது, பக்கம் அமைப்பது, சிவகாசிக்கு அனுப்புவது என் வேலை. நடுநடுவே நானும் எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் ஒரு காலத்தில் நான் போய் விழுந்த பள்ளங்களையே தேடிப்பிடித்து விழுகிறார்கள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை, ற-ர குழப்பத்தை எல்லாம் இங்கே பேசப்போவதில்லை. எழுத்தைத் திருத்த ஆள் கிடைக்கும். எழுதினவரைத் திருத்துவதுதான் பெரும்பாடு.

திருத்த மறுப்பது

"இது ஆவியானவர் கொடுத்தது. ஒரு வார்த்தையையும் மாத்தக் கூடாது." இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வீட்டு ஜெபக்கூட்டங்கள் நடத்துகிறவர். நல்ல நடை, பிழையில்லாத தமிழ். குடும்ப ஜெபத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் ஒரு பகுதி, குடியால் சிதறிப்போன ஒரு குடும்பம் மறுபடி ஒன்று சேர்ந்த கதை. பெயர் போடவில்லை. ஆனால் "எங்கள் சபையின் பாடகர் குழுவில் இருக்கும் சகோதரி" என்று இருந்தது. கணவர் மின்வாரியத்தில் வேலை என்றும் இருந்தது. அவர் அடித்த அடி, அந்த அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தாய்வீட்டுக்குப் போனது எல்லாம் விவரமாக இருந்தது.

"ஐயா, பேர் மட்டுந்தான் இல்ல. முகவரியே குடுத்திருக்கீங்களே" என்றேன்.

"தம்பி, அது சாட்சி. சாட்சியை மறைக்கச் சொல்றது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

கடவுள் தன் வாழ்வில் செய்ததைச் சபை முன்னால் சொல்வதைத்தான் சாட்சி என்கிறோம். சாத்தானின் ஏஜெண்டாகிவிட்டேன், ஒரு நொடியில். இருந்தாலும் கேட்டேன்: "அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவங்களே சபையில எந்திரிச்சு நின்னு சொன்னதுதானே?"

சபையில் சொன்னது வேறு, அச்சில் வருவது வேறு. அன்றைக்கு அந்த அம்மா யார் முன்னால் சொல்கிறோம் என்று பார்த்துத்தான் வாய் திறந்திருப்பார். எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதும் அவர் கையில் இருந்தது. புத்தகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. நாளைக்கு மகளைப் பெண் பார்க்க வருகிற வீட்டிலும் அது கிடக்கும்.

புத்தகம் ஆயிரம் பிரதி வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியீடு, கைதட்டல், கேக். சாயங்காலம் அந்த வீட்டு ஆட்கள் ஆசிரியர் வீட்டு வாசலில் நின்றார்கள். சத்தம் போட்டது கணவர் இல்லை. பிளஸ் டூ படிக்கிற மகள். "எங்கம்மா சொன்னாங்க சரி. நான் எப்போ சொன்னேன்?" என்று கேட்டிருக்கிறாள்.

மறுநாள் நான் போனபோது கூடத்தில் கட்டுக்கட்டாகப் புத்தகங்கள். ஐயாவும் அவர் மனைவியும் தரையில் உட்கார்ந்து, ஷேவிங் பிளேடால் ஒவ்வொரு பிரதியிலும் ஒரு தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்த தாள்கள் ஒரு அரிசிச் சாக்கில். 62-ஆம் பக்கத்துக்கு அடுத்து 65. பொருளடக்கத்தில் மட்டும் அந்தத் தலைப்பு அப்படியே இருந்தது, எதிரில் 63 என்ற எண்ணோடு. அதை எப்படி அறுப்பது? மறுபக்கத்தில் முன்னுரை ஆரம்பமாகிறது. அந்தக் குடும்பம் பிறகு வேறு சபைக்குப் போய்விட்டது. மூன்று வரியை எடுத்திருந்தால் போதும், தாளே போயிருக்காது.

தேவன் ஏவி எழுதினால் திருத்தக் கூடாது என்கிறவர்கள் எரேமியா 36-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற அவருடைய எழுத்தர் எழுதிய சுருளை, யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பில் போட்டு எரிக்கிறான். மறுபடி எழுதச் சொல்லிக் கட்டளை வருகிறது. அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள்: பழைய வார்த்தைகள் எல்லாம் எழுதப்பட்டதோடு, அவற்றுக்கு ஒத்த அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன. தீர்க்கதரிசியின் புத்தகமே இரண்டாம் பதிப்பில் பெருகியிருக்கிறது. லூக்கா தன் சுவிசேஷத்தை எப்படித் தொடங்குகிறார்? எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து அறிந்து, ஒழுங்காய் எழுதுகிறேன் என்று. விசாரித்தல், ஒழுங்குபடுத்தல் இரண்டும் எடிட்டிங் வேலைதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். இவர்கள் கையில் வைத்திருக்கும் தமிழ் வேதாகமத்தையே எடுத்துக்கொள்வோம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, அங்கேயே அச்சுக்கூடம் வைத்து, 1715-இல் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தார். 1719-இல் மரித்துப்போனார். மிச்சத்தை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே முடித்தார். பிறகு வந்த பெப்ரிசியஸ் முழுவதையும் எடுத்துப் புதிதாகச் செய்தார். அவருக்குப் பிறகு பாளையங்கோட்டையில் ரேனியஸ் கை வைத்தார். கடைசியில் பவர் ஐயர் என்ற பாதிரியார் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, 1871-இல் வெளியிட்டதுதான் சபைகளில் நாம் 'பழைய திருப்புதல்' என்று வாசிப்பது. பெயரிலேயே திருப்புதல் இருக்கிறது! ஒன்றரை நூற்றாண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் திருத்தியதை மனப்பாடம் செய்துவிட்டு, உங்களுடைய எண்பது பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்றால் எப்படி?

என்ன செய்யலாம்? எழுதி முடித்ததை ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு தாளில் அச்செடுத்து, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். ஜெபக்குழு நண்பர்கள் வேண்டாம், அவர்கள் ஆமென் சொல்லிவிடுவார்கள். மனைவி நல்ல தேர்வு. அடுத்தவர் சாட்சி என்றால் எழுதினதை அவரிடம் காட்டி, அவர் கையாலேயே 'சம்மதம்' என்று எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் வளர்ந்தவர்கள் என்றால் அவர்களிடமும். ஊர், வேலை, சபையில் வகிக்கும் பொறுப்பு இவற்றை மாற்றுங்கள். சின்னச் சபையில் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வசனத்தை ஞாபகத்திலிருந்து எழுதுவது

பணம் எல்லாத் தீமைக்கும் வேர் என்று எழுதாதவர் குறைவு. 1 தீமோத்தேயு 6:10-இல் இருப்பது பண ஆசை. ஒரு சொல் விட்டுப்போனதில் சம்பளம் வாங்குகிறவன் எல்லாம் பாவியாகிவிட்டான்.

இன்னொரு கூத்து, ஒரு பக்கத்தில் பழைய திருப்புதல், அடுத்த பக்கத்தில் 1995-இல் வந்த இன்னொரு மொழிபெயர்ப்பான திருவிவிலியம். ஒரே புத்தகம்தான், இங்கே சங்கீதம், அங்கே திருப்பாடல். இரண்டையும் எடுத்தாளலாம், தப்பில்லை. எது எதிலிருந்து என்று உரிமைப் பக்கத்திலும் வசனத்தின் பக்கத்திலும் சொல்லுங்கள். ஒவ்வொரு வசனத்தையும் வேதாகமத்தைத் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், நூறு முறை பிரசங்கித்த வசனமாக இருந்தாலும். அதில்தான் அதிகம் தப்பு வருகிறது.

பிரசங்கத்தை அப்படியே இறக்குவது

ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். "பக்கத்துல இருக்கிறவங்களப் பாத்துச் சொல்லுங்க" என்பதும் அதில் இருக்கிறது. படிக்கிறவர் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார், ஐயா.

அட்டையில் சொந்தப் படம்

வேண்டாம்.

கணக்குப் பார்க்காமல் விசுவாசத்தில் இறங்குவது

ஆயிரம் அடித்தால் ஒரு பிரதிக்கு விலை இறங்கும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். உண்மைதான். விற்காத எழுநூறு பிரதியை எங்கே வைப்பது என்பதை அவர்கள் சொல்ல வேண்டியதில்லை. முதல் புத்தகத்துக்கு நூறு பிரதி டிஜிட்டலில் அடியுங்கள். விலை கூடும், ஆனால் தப்பு இருந்தால் நூறோடு போகும். நகையை அடகு வைக்காதீர்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இயேசுவேதான், லூக்கா 14-இல். மேலே சொன்ன பெப்ரிசியஸ், அத்தனை பெரிய மொழிபெயர்ப்பாளர், பண விவகாரத்தில் சிக்கி முதிர்வயதில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். பரிசுத்தத்தோடு வரவுசெலவும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

ஐ.எஸ்.பி.என்.-க்குக் காசு கொடுப்பது

புத்தகத்துக்கான அடையாள எண் அது. இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

வேண்டாம் என்று சொன்ன பதிப்பாளரைச் சத்துரு ஆக்குவது

"சத்துரு தடுக்கிறான், அண்ணாச்சி." எதற்கெடுத்தாலும் அவன் தலையில் கட்டிவிடுவது சுலபம். அப்போஸ்தலர் 16-இல் பவுல் அன்றைய ஆசியா மாகாணத்தில் வசனத்தைச் சொல்லப் போகும்போது தடுத்தது யார்? பரிசுத்த ஆவியானவர். பித்தினியா போகப் பார்த்தபோதும் அப்படியே. பவுல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை, மக்கெதோனியாவுக்குக் கப்பலேறினார். பதிப்பாளர் பெரும்பாலும் காரணத்தோடுதான் மறுக்கிறார். இதே தலைப்பில் போன வருஷம் அவர் போட்ட புத்தகம் கிட்டங்கியில் கிடக்கும். ஏன் வேண்டாம் என்று பணிவாகக் கேட்டால் சிலர் சொல்லவும் செய்வார்கள். அந்தப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வாழ்த்துரை

பிஷப், சேகரகுரு (வட்டாரச் சபைகளின் போதகர்), ஊழிய நண்பர், வெளிநாட்டு நண்பர். இவர்களில் ஒருவர்கூடப் புத்தகத்தை வாசித்திருக்க மாட்டார். ஒன்று போதும், வாசித்தவரிடமிருந்து.

வெளியீட்டுத் தேதியை முதலில் குறிப்பது

அழைப்பிதழ் அடித்துவிட்டுக் கோப்பை அனுப்புகிறார்கள். கடைசி ப்ரூஃபை நானும் பார்க்காமல், நீங்களும் பார்க்காமல் போவது அப்போதுதான். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் வெளியானதிலிருந்து டிசம்பர் வரைக்கும் சிவகாசியில் இயந்திரங்கள் எல்லாம் காலண்டரும் டைரியுமாக ஓடும். நம் எண்பது பக்கப் புத்தகம் அதற்கிடையே வரிசையில் நிற்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் வேண்டும் என்றால் ஜூலைக்குள் கோப்பைக் கொடுங்கள். நவம்பரில் குரல் செய்தி அனுப்பினால் ஈஸ்டருக்குத்தான் கிடைக்கும்.